மூன்றாவது சொட்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுவாய். தாளில் அது நடக்காது. நான் எழுதி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பதினான்கு வாரம். உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்தது உன் கையெழுத்து.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஓ நெகட்டிவ் என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்ஸில் இருந்து கார்டை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினேன். எட்டாம் வகுப்பில் பள்ளி அடையாள அட்டைக்காக நீ எழுதிக் கொடுத்தது. ஓ பாசிட்டிவ். பக்கத்தில் உன் கையெழுத்து, அதன்மேல் உன் காலேஜ் லேப் முத்திரை. இருபது வருஷமாக அந்தக் கார்டைப் பார்த்துத்தான் எல்லா இடத்திலும் எழுதி வந்திருக்கிறேன்.

"யாரும்மா இதைப் போட்டது?"

"எங்க அக்கா. ரத்த வங்கியில தலைமை டெக்னீஷியன்."

"இருக்கட்டும். நாங்க போட்டது நெகட்டிவ். சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை கையை நீட்டுங்க."

நீட்டினேன். மறுபடியும் நெகட்டிவ்.

பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். இதற்கு முன் கர்ப்பம் உண்டா என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மாமியார் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "இதுதான் டாக்டர் முதல்." நான், "ரெண்டாவது" என்றேன். மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். நான் மறுபடி, "ரெண்டாவது டாக்டர். முதல்ல பத்து வாரத்துல போயிடுச்சு. சுத்தம் பண்ணினாங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப ஊசி போட்டாங்களா?"

எந்த ஊசி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் ஒரு பெண் என் குரூப்பைக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. மயக்கம் தெளியாமல் பர்ஸைக் காட்டினேன். அவள் கார்டைப் பார்த்து, "பாசிட்டிவ். வேண்டியதில்லை" என்று யாரிடமோ சொன்னாள்.

அந்தக் கார்டை நீட்டியது நான். எழுதியது நீ. யார் தப்பு என்று நீ சொல்ல வேண்டும். குறுக்கே பேசாமல்.

தங்கை

மார்ச் 10

சுண்டுவுக்கு,

பதினான்கு வாரம் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். வாந்தி இருக்கிறதா? இரும்புச் சத்து மாத்திரை போடுகிறாயா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதறாதே. சிறிய ஆஸ்பத்திரிகளில் குரூப் பார்க்கும் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்துவிடுவார்கள். அது வீரியம் இழந்தால் பாசிட்டிவ் ரத்தம்கூட நெகட்டிவ் மாதிரி தெரியும். அதே மருந்தில் இரண்டு தடவை பார்த்தால் இரண்டு தடவையும் ஒரே தப்புதான் வரும். வேறொரு லேபில், பீங்கான் டைலில் இல்லாமல் குழாயில் போட்டு, மிஷினில் சுற்றிப் பார்க்கச் சொல். அப்பாவும் அம்மாவும் பாசிட்டிவ். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் கையெழுத்துப் போட்டு வெளியே போன எந்த ரத்தப் பையும் திரும்பி வந்ததில்லை.

இருந்தாலும் அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்வி. அதை உனக்குப் புரியவைக்க வேண்டியது என் கடமை. ரத்தத்தில் டி என்று ஒரு அடையாளம் உண்டு. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தாய் நெகட்டிவாக இருந்து பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், கர்ப்பம் கலையும்போதோ பிரசவத்தின்போதோ பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை வேற்றாள் என்று பார்த்து, எதிர்க்கும் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அந்த முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத்தான் அது போய் அழிக்கும். ஒரு தடவை உண்டாகிவிட்டால் அதை எடுக்க வழி இல்லை.

அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. உள்ளே வந்த வேற்று அணுக்களைத் தாயின் உடம்பு கவனிப்பதற்கு முன்பே அது துடைத்துவிடும். கர்ப்பம் கலைந்தோ பிரசவமாகியோ எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, கூம்ஸ் டெஸ்ட். அதைக் கேட்டு வாங்கு. மாப்பிள்ளையின் குரூப் என்ன என்றும் எழுது.

பழையதையெல்லாம் பிறகு பேசுவோம்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

வேறு லேப். குழாயில் போட்டு, சுற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். ஓ நெகட்டிவ். இவர் பாசிட்டிவ். இதையும் மருந்து கெட்டுவிட்டது என்று எழுதுவாயா?

கூம்ஸ் டெஸ்ட் இங்கே கிடையாது. ரத்தத்தை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர எட்டு நாள் ஆகுமாம். எட்டு நாளும் நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன். நாற்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, அதன்மேல் பேட்டர்ன் அட்டையை வைத்து, கத்தியை ஓட்டுகிறேன். பேட்டர்ன் அரை அங்குலம் தப்பினால் நாற்பது சட்டையும் தப்பு. தையல் மிஷினில் உட்காருகிறவர்கள் என்ன செய்தாலும் நேராகாது. நேற்று மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சூப்பர்வைசர், "என்ன, துணி ஏதாவது பேசுதா?" என்றார்.

பழையதைப் பிறகு பேசுவோம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பழையதுதான் என் ரத்தத்தில் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த எட்டு நாளும் காத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இப்போதே பேசுகிறேன்.

அன்றைக்கு நர்சிங் ஹோமில் இருந்து உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். இவருக்குக்கூட அதற்கப்புறம்தான். நீ சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பத்து வாரம்னா வெறும் ரத்தக்கட்டிடி. இதுக்குப் போயா அழுவாங்க? நாலு நாள் ரெஸ்ட் எடு, டூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்."

அதற்காகத்தான் உன்னோடு பேசாமல் இருந்தேன். அது சின்ன விஷயம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இங்கேயும் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. டாக்டரிடம் 'இதுதான் முதல்' என்று சொன்ன அத்தை அதை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

ஆனால் இன்றைக்கு நான் நினைப்பது வேறு. முன்பின் தெரியாத ஒருத்தி கர்ப்பம் கலைந்து உன் முன்னால் வந்தால் நீ கேட்கும் முதல் கேள்வி என்ன? என்ன குரூப் என்பதுதானே? சாப்பாட்டு மேஜையில் விருந்தாளியிடம்கூட அதைக் கேட்கிறவள் நீ. என்னிடம் ஏன் கேட்கவில்லை?

உனக்குத் தெரியும் என்று நினைத்தாய். எனக்கு என்ன பிடிக்கும், எப்போது அழ வேண்டும், என் ரத்தம் என்ன, எல்லாம் உனக்கு முன்பே தெரியும். பிறந்ததில் இருந்து நீ எனக்குச் சட்டாம்பிள்ளை.

தங்கை

மார்ச் 27

சுண்டுவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் காரணங்கள் நன்றாக இருந்தன.

எனக்கு அப்போது இருபது வயது. லீவுக்கு வந்தபோது காலேஜில் இருந்து மிச்சமான மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். பழகிப் பார்ப்பதற்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பெருமை அடிப்பதற்கு. உன் பள்ளியில் அடையாள அட்டைக்குக் குரூப் கேட்டிருந்தார்கள். நீ உன் சிநேகிதிகள் மூன்று பேரையும் இழுத்து வந்தாய். "எங்க அக்கா டாக்டர் மாதிரி, ஃப்ரீயா பார்ப்பா." சமையலறை மேஜையில் வெள்ளை டைலை வைத்து அந்த மூன்று பேருக்கும் முதலில் பார்த்தேன். நீ கடைசி.

டைலில் மூன்று சொட்டு ரத்தம் வைக்க வேண்டும். முதலாவது ஏ, இரண்டாவது பி. மூன்றாவதுதான் டி. ஒவ்வொன்றிலும் அதனதன் மருந்தை விட்டுக் குச்சியால் கலக்கி, டைலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மணல் மணலாகத் திரண்டால் பாசிட்டிவ். இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நேரம் போனால் சொட்டு ஓரத்தில் காய ஆரம்பிக்கும். காய்ந்த ஓரம் திரண்ட மாதிரியே தெரியும்.

உன் விரலில் குத்தியதும் நீ கண் சொருகி நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டாய். உன்னைத் தரையில் படுக்கவைத்து, கால்களைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, வாயில் சர்க்கரை போட்டு, நீ "நான் செத்துட்டேனா?" என்று கேட்கும்வரை உன் பக்கத்தில்தான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து நிமிடமாவது இருக்கும். திரும்பி வந்தபோது டைல் மேஜையில் அப்படியே இருந்தது.

சரியானது, அதைக் கழுவிவிட்டு மறுபடி உன் விரலில் குத்துவது. நீ கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாய். நான் மூன்றாவது சொட்டைப் பார்த்தேன். ஓரத்தில் சிறுசிறு துகள். அப்பாவும் அம்மாவும் பாசிட்டிவ், ஆகவே நீயும் பாசிட்டிவ் என்று என் மனதில் முன்பே எழுதிவைத்திருந்தேன். கண் அதைத்தான் பார்த்தது. பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

முத்திரை என்னுடையதல்ல. லீவு முடிந்து போனதும் லேபில் ஆள் இல்லாத நேரத்தில் நான்கு கார்டிலும் நானே குத்தினேன். அட்டைக்கு ஒரு அழகாக இருக்கும் என்று.

ரத்தக்கட்டி என்று சொன்னது. அது வேலை செய்யும் இடத்துப் பேச்சு. தினமும் பார்ப்பதால் வாயில் அப்படி வருகிறது என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். உனக்கு அழுகை நின்றால் போதும், எனக்கு வேலை ஓட வேண்டும். அதனால்தான் சொன்னேன். உன்னிடம் குரூப்பைக் கேட்காததற்கும் நீ எழுதியதே காரணம். அதற்கு மேல் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

ரிசல்ட் வந்ததும் எழுது. என்னைத் திட்டவாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

எதிர்ப்பொருள் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விட்டுக்கொள்.

நமக்கு அதிர்ஷ்டம் என்றார் டாக்டரம்மா. ஊசி போடாதவர்களில் எல்லோருக்கும் அது உண்டாவதில்லையாம். ஆனால் இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார். இருபத்தெட்டாவது வாரத்தில் மறுபடி டெஸ்ட். சுத்தமாக இருந்தால் ஒரு ஊசி. பிரசவத்துக்குப் பிறகு பிள்ளை பாசிட்டிவாக இருந்தால் இன்னொன்று.

உன் கடிதத்தை வேலை இடத்தில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். நான் மயங்கி விழுந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். டைல் காய்ந்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாய். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு அளவு நாடா போதாது.

இங்கே கதை வேறு மாதிரி ஓடுகிறது. அத்தை என் நாத்தனாரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "பொய்க் கார்டைக் காட்டிக் கட்டி வச்சுட்டாங்க. நெகட்டிவ் பொண்ணுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்போம்ல." ஏதோ நான் ஒரு கண் தெரியாததை மறைத்துவைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி. இவரிடம் கேட்டேன், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா என்று. "நான் நினைக்கலை. ஆனா அம்மாவுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லணும்ல" என்றார்.

எனக்கு உன் கைப்பட ஒரு எழுத்து வேண்டும். அந்தக் கார்டு எப்படி வந்தது, யார் எழுதியது, எங்கே தப்பானது என்று உன் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. உன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 16

சுண்டுவுக்கு,

எதிர்ப்பொருள் இல்லை என்ற வரியை லேபில் நின்றபடி படித்தேன். என்னோடு வேலை செய்கிறவள், "என்ன மேடம், தலை சுத்துதா?" என்று நாற்காலியைத் தள்ளினாள்.

எழுத்து இத்துடன் இருக்கிறது. ஒரு பக்கம். நடந்தது மட்டும். ஆறு நாள் தாமதத்துக்குக் காரணம் பயம். வேறு பெயர் வைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். என் அறையில் உட்கார்ந்து, இந்த வேலை போனால் எனக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது.

ஏழாம் நாள் அதன் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் ரத்த வங்கி டாக்டரிடம் போனேன். உனக்கு மட்டும் கொடுத்துவிட்டு இங்கே மறைத்தால் அது உனக்குப் போட்ட வாய்ப்பூட்டாகிவிடும் என்று தோன்றியது. அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி, வீட்டுல, ஸ்டூடண்டா இருந்தப்ப பண்ணினது. இதை எதுக்கு இங்க கொண்டு வர்றீங்க? கிழிச்சுப் போடுங்க. நானும் பார்க்கலை."

"அன்னிக்கு நாலு கார்டு எழுதினேன் சார். தங்கச்சியோடது ஒன்னு. மத்த மூணும் பொண்ணுங்ககிட்ட இருக்கு. அந்த முத்திரையை நம்பி அவங்க எங்க நீட்டிக்கிட்டு இருக்காங்களோ."

"அதைப் போன் பண்ணிச் சொல்லுங்க. ஃபைல்ல ஏத்தினா விசாரணை வரும்."

"வரட்டும் சார்."

வரட்டும் என்று சொன்னது என் குரலா என்று எனக்கே சந்தேகம். விசாரணை முடியும்வரை எந்தப் பையிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது. கவுண்டரில் உட்காரவைத்திருக்கிறார்கள், படிவம் வாங்க.

அந்த மூன்று சிநேகிதிகளின் முகவரி உன்னிடம் இருக்கும். அனுப்பு. நானே சொல்கிறேன். நீ சொல்ல வேண்டாம், நீ இழுத்து வந்தாய் என்று உனக்கு வேறு குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அக்கா

மே 3

அக்காவுக்கு,

முகவரிகள் பின்பக்கத்தில். மூன்றாவது ஆள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவள் தம்பியின் நம்பர் கொடுத்திருக்கிறேன். குற்ற உணர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு பண்ணிவிட்டாய், பார்த்தாயா. இரண்டு பேரிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

உன் எழுத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் என் ஃபைலில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தர மாட்டாங்க" என்றார்.

வீட்டில் காட்டவில்லை.

காட்டத்தான் எடுத்துப் போனேன். அத்தை ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க அக்கா எழுதறேன்னாங்களாமே, எழுதட்டும், பார்ப்போம்" என்றார். ஏதோ பரீட்சைப் பேப்பரைத் திருத்தக் காத்திருக்கிற மாதிரி. எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இந்தத் தாளை நீட்டினால், நான் நெகட்டிவாக இருப்பது ஒரு குற்றம், அதற்குச் சாட்சி கொண்டு வந்திருக்கிறேன் என்றாகிவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் சாட்சி கொண்டு வர வேண்டும்.

"எழுதியாச்சு அத்தை. டாக்டர்கிட்ட குடுத்தாச்சு."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? உங்க ரத்தமா?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. தண்ணீர் ஜக்கைக்கூட அவரவர் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

தங்கை

மே 20

சுண்டுவுக்கு,

உன் சிநேகிதிகள் இருவருக்கும் பார்த்தாயிற்று. நான் எழுதியது சரியாகவே இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவள் இரண்டு பிள்ளைகள் பெற்றவள். அங்கே ஒவ்வொரு தடவையும் பார்த்தார்களாம், பாசிட்டிவ்தான். "அக்கா, அந்தக் கார்டை நான் அப்பவே தொலைச்சுட்டேன், நீங்க இன்னுமா அதை நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தப்பாகப் போனது உன் ஒருத்தியுடையதுதான்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'இது நிறுவனத்துக்கு வெளியே நடந்த குடும்ப விஷயம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடித்துவிடலாம் என்றார்கள். முத்திரை ஒரு நிறுவனத்தினுடையது, அதை நான் திருட்டுத்தனமாகக் குத்தினேன், அந்த வரி பொய் என்றேன். "உங்களைக் காப்பாத்தப் பார்க்கறோம், நீங்களே வந்து வந்து மாட்டிக்கறீங்க" என்றார் ஒருவர். எச்சரிக்கை கொடுத்து, இன்னும் மூன்று மாதம் கவுண்டரிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. பிரசவ வார்டில் இருந்து வரும் படிவங்களில் குரூப் என்ற கட்டத்தை முன்கூட்டியே நிரப்பி அனுப்புகிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால், "கார்டுல இருந்துச்சு மேடம், நேரம் மிச்சம்." பதினெட்டு வருஷம் உள்ளே உட்கார்ந்து பையில் கையெழுத்துப் போட்டேன், இது எனக்குத் தெரியாது. இப்போது அப்படி வரும் ஒவ்வொரு படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன். ரத்த மாதிரி எடுத்த குழாய் கூடவே வராத படிவம் என் கவுண்டரைத் தாண்டாது. வார்டு சிஸ்டர் நேரிலேயே வந்துவிட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா எங்க உயிரை ஏன் வாங்கறீங்க?"

"கார்டை உள்ள வைங்க. விரலை நீட்டச் சொல்லுங்க."

"இருக்கப்போறது மூணு மாசம்."

"மூணு மாசமும் இப்படித்தான்."

இருபத்தெட்டாவது வாரம் ஜூன் எட்டில் வருகிறது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வரவா என்று கேட்கிறேன். வருகிறேன் என்று எழுதவில்லை, கவனி.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

கவனித்தேன். வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் நீ பேசுவாய், நான் உன் பின்னால் நிற்பேன். இது நானே நிற்க வேண்டிய இடம்.

டெஸ்ட் மறுபடியும் சுத்தம். ஊசி போட்டாயிற்று. எப்படி என்று கேள்.

அத்தை அந்த மருந்தைப் பற்றி யாரிடமோ விசாரித்திருக்கிறார். மனித ரத்தத்தில் இருந்து எடுப்பது என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். "எவனோ ஒருத்தன் ரத்தத்துல இருந்து எடுத்ததை என் பேரப்பிள்ளைக்கு ஏத்த விடமாட்டேன்." இவர் நடுவில் நின்றுகொண்டு, "டெஸ்ட்தான் ரெண்டு தடவையும் நல்லா வந்திருக்கே, எதுக்கு அவசரம், பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார். நல்லா வந்தால்தான் ஊசி, கெட்டுப்போன பிறகு ஊசியால் பிரயோஜனம் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? துணி கிழிந்த பிறகு மடித்துத் தைக்கலாம். இது அப்படி இல்லை.

விவாதத்தை நிறுத்திவிட்டேன். நேற்று மதிய இடைவேளையில் மருந்துக் கடைக்குப் போய் நானே வாங்கினேன். குளிர்ச்சி போகக்கூடாது என்றார்கள். என் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து ஐஸ் போட்டு, அதற்குள் மருந்துப் பெட்டியை வைத்து மூடினேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர், "என்னம்மா, சூடா கொண்டு போறீங்களா?" என்றார். "ஜில்லுன்னு" என்றேன்.

சம்மதப் படிவத்தில் சிஸ்டர் கணவர் கையெழுத்து கேட்டாள்.

"ஊசி யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப பேனாவைக் குடுங்க."

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர், "குடும்மா, அவங்க கை நல்லாத்தானே இருக்கு" என்றார்.

இடுப்புக்குக் கீழே போட்டார்கள். நன்றாக வலித்தது. மயங்கவில்லை. மயங்கக்கூடாது என்று சுவரில் இருந்த காலண்டரில் எல்லாத் தேதியையும் கூட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வேலைக்குப் போய் அறுபது அடுக்கு வெட்டினேன்.

ராத்திரி வீட்டில் சொன்னேன். அத்தை ஒரு வாரம் என் கையால் வாங்கிச் சாப்பிட மாட்டாராம். சமையல் வேலை மிச்சம். இவர் நெடுநேரம் கழித்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

பெண். இருபத்தாறாம் தேதி காலையில். உனக்கு இவர் போன் செய்துவிட்டதாகச் சொன்னார். நீ அழுதாயாமே. மூன்று கிலோ இருக்கிறாள். மூக்கு உன்னுடையது, என்ன செய்வது.

தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ். மஞ்சள் காமாலை இல்லை, சோகை இல்லை. என் ரத்தம் அவளைத் தொடவில்லை.

இனி நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்து இரண்டாவது ஊசியைப் பற்றிச் சொன்னார். இது இந்தப் பிள்ளைக்கு இல்லை, இனிமேல் ஒன்று வந்தால் அதற்காக என்றார். நான் சண்டைக்குத் தயாராகப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். தையல் இழுத்தது. ஆனால் சண்டை நான் நினைத்த திசையில் இருந்து வரவில்லை.

அத்தை, "போடுங்க டாக்டர், உடனே போடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவனோ ஒருத்தன் ரத்தம் எங்கே போயிற்று? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார். "இது மகாராணி மாதிரி இருக்கா. அடுத்தது பையனா வந்துட்டா எனக்கு வேற ஒன்னும் வேண்டாம்."

இவர் ஜன்னல் பக்கத்தில் இருந்து திரும்பினார். "அம்மா, இன்னொன்னெல்லாம் கிடையாது. ஒன்னு போதும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். அப்புறம் எதுக்கு டாக்டர் ஊசி?"

"நீ முடிவு பண்ணினா ஆச்சா?"

"இவ பட்டதைப் பார்த்தீங்கல்ல? போதும்மா."

பாவம், அவர் எனக்காகத்தான் பேசினார். அவர் முகத்தில் இரண்டு நாள் தாடி. ஆனால் இரண்டு பேரும் என் படுக்கைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் விரித்த துணி மாதிரி நடுவில் கிடந்தேன். ஒருவர் இந்தப் பக்கம் அளக்கிறார், ஒருவர் அந்தப் பக்கம். மணி பார்த்தேன். பிரசவமாகி இருபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா, உன்மேல் கோபம் போய்விட்டதா என்று போன மாதம் கேட்டிருந்தாய். பாதி போயிருக்கிறது. மீதி இருக்கட்டும், அதற்கும் எனக்கு உபயோகம் இருக்கிறது. நீ எழுதிய கார்டில் தப்பு இருந்தது என்பது மட்டுமில்லை. நான் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் இருபது வருஷம் சுமந்தேன். என்னைப் பற்றி யார் எழுதிக் கொடுத்தாலும் பர்ஸில் வைத்துக்கொள்வேன். இனி அந்தப் பர்ஸ் இல்லை.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் வா. நாலு நாள் இரு. பேசலாம். குறுக்கே பேசினால் அவளை உன் மடியில் இருந்து எடுத்துவிடுவேன்.

ஊசி விஷயத்தை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மா இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இன்னொரு குழந்தை வேணுமா, வேண்டாமா?"

"தெரியலை டாக்டர். தெரியலைன்னு சொல்ல எனக்கு இடம் இருக்கணும். அதுக்குத்தான் இந்த ஊசி. போடுங்க."

தங்கை